அம்மாவின் கட்டிலில் உட்கார்ந்து பார்த்து வாங்கிய டிவி

ஆடிக் கடைசியில் அம்மாவுக்கு வலது கண்ணில் புரை எடுத்தார்கள். இரண்டு நாள் கழித்து, காப்பி குடித்த கையோடு கட்டிலில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளங்கையால் ஒரு கண்ணை மூடுகிறாள், அப்புறம் அதைத் திறந்துவிட்டு இன்னொன்றை மூடுகிறாள். திரும்பத் திரும்ப இதே வேலை. என்னம்மா செய்யுத என்று கேட்டேன்.

"ஏய்யா, இந்தக் கண்ணுல பாத்தா அந்தப் பிள்ளை நல்ல நீலச் சேலை கெட்டிருக்கா. இந்தக் கண்ணுல பாத்தா அழுக்குப் பச்சையா இருக்கு. ரெண்டுல எதுய்யா நெசம்?"

நீலம்தான் நிசம். புரை விழுந்தால் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் மெல்ல மெல்ல மஞ்சள் பாரித்துப் பழுப்பாகிவிடும், நீல வெளிச்சத்தை உள்ளே விடாது. வருஷக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக நடப்பதால் பார்க்கிறவர்களுக்கே தெரியாது. ஆபரேஷன் செய்து புது லென்ஸ் வைத்த கண்ணில்தான் திடீரென்று நீலம் நீலமாகத் தெரியும். இடது கண்ணில் இன்னும் புரை இருக்கிறது, அதைத் தை கழித்துப் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அம்மா கேட்ட அந்தக் கேள்வி எனக்கு மனசை என்னவோ செய்தது. இத்தனை வருஷம் ஒரே பட்டாசலில், அதாவது வீட்டுக் கூடத்தில், உட்கார்ந்து ஒரே டிவியைப் பார்த்திருக்கிறோம், ஆனால் அம்மா பார்த்த டிவியை நாங்கள் யாரும் பார்க்கவே இல்லை.

அன்றைக்குத்தான் பெரிய டிவி வாங்குவது என்று முடிவு செய்தேன்.

அப்போது வீட்டில் இருந்தது ஒரு 24 இன்ச் டிவி. அதுவும் அக்கா வீட்டில் சும்மா கிடந்ததைக் கொண்டுவந்து வைத்தது. எங்களுடைய 32 இன்ச் டிவி 2023 டிசம்பர் வெள்ளத்தோடு போயிற்று. 17ஆம் தேதியும் 18ஆம் தேதியும் பெய்த அந்த மழையைப் பற்றி நெல்லைச் சீமைக்காரர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டிய மழை அது. எங்கள் வீடு சிந்துபூந்துறையில், ஆற்றுக்குப் பக்கம். பட்டாசலில் நாலடித் தண்ணீர் நின்றது. அம்மாவை மச்சுக்கு ஏற்றியதோடு சரி, மற்றது எதையும் எடுக்க நேரமில்லை. தண்ணீர் வடிந்த பிறகு வந்து பார்த்தால் மேஜை ஒரு பக்கம் சாய்ந்து, டிவி முகம் குப்புற வண்டலுக்குள் கிடந்தது. பழைய காரைச் சுவர் என்பதால் எத்தனை தடவை வெள்ளையடித்தாலும் அந்தத் தண்ணீர்க் கோடு உப்புப் பூத்து வெளியே வந்துவிடுகிறது. இப்போதும் தெரியும்.

டிவி வாங்கக் கிளம்புகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது "எத்தனை இன்ச்?" என்றுதான். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். அத்தான் 65 என்றார். மருமகன் காலேஜில் படிக்கிறவன், கேம் விளையாடுகிற பையன், அவனுக்கு 120 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 120 தடவை படத்தைப் புதுப்பிக்கும் டிவி வேண்டும். என் மனைவி 43 போதும் என்றாள். அம்மா "எதுக்குல இம்புட்டு ரூவாய்க்கு?" என்றாள். ஆளுக்கொன்று சொன்ன பிறகு நான் டேப்பை எடுத்துக்கொண்டு அம்மாவின் கட்டிலில் போய் உட்கார்ந்தேன்.

எங்கள் தெருப் பக்கத்துப் பழைய வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அகலம் கம்மி, நீளம் அதிகம். பட்டாசல் அகலம் பதினோரு அடி. உள்ளே போகும் நிலைவாசல் மேற்குச் சுவரின் வடகோடியில் இருக்கிறது. அதை ஒட்டி விளக்கு வைக்கும் மாடக்குழி. அதற்கும் தெற்குச் சுவருக்கும் நடுவில் மிஞ்சும் இடம்தான் டிவிக்கு. அம்மாவின் கட்டில் வடக்குச் சுவரை ஒட்டிக் கிடக்கிறது, அங்கேதான் காற்று வரும், அடுக்களையும் கண்ணுக்குத் தெரியும், அந்த இடத்தை அவள் விட்டுக்கொடுக்க மாட்டாள். நேராக அளந்தால் டிவிச் சுவரிலிருந்து கட்டிலுக்கு எட்டடி. பக்கவாட்டில் ஆறடி தள்ளி. ஆக, அம்மா கண்ணிலிருந்து திரை நடுவுக்குச் சாய்வாகப் பத்தடி, கோணம் கிட்டத்தட்ட 37 டிகிரி.

இந்த இரண்டு எண்களைத்தான் நான் கடை கடையாகத் தூக்கிக்கொண்டு அலைந்தேன்.

இன்ச் என்பது மூலைக்கு மூலை அளவு. அது சுவரில் எவ்வளவு இடம் பிடிக்கும் என்று யாரும் சொல்வதில்லை. 43 இன்ச் என்றால் திரை அகலம் 95 சென்டிமீட்டர், 55 என்றால் 122, அதாவது சரியாக நாலடி. 65 என்றால் 144. பழைய செய்தித்தாள்களை ஒட்டி மூன்று அளவிலும் வெட்டிச் சுவரில் ஒவ்வொன்றாக ஒட்டிப் பார்த்தோம். 65 மாடக்குழியை மறைத்தது. விளக்கை இடம் மாற்றலாமே என்று அத்தான் சொல்லி வாய் மூடவில்லை, அம்மா பார்த்த பார்வையில் அந்தப் பேச்சு அங்கேயே நின்றது. 43 பத்தடியிலிருந்து பார்க்கச் சின்னதாகத்தான் இருந்தது. 55 உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்தது. பரப்பளவைக் கணக்குப் போட்டால் 55 இன்ச் திரை 32 இன்ச் திரையைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. ஓடுகிற செய்தி வரியின் எழுத்து உயரம் ஒன்றே முக்கால் மடங்குக்குச் சற்றுக் குறைவாக வரும். நல்ல கண் உள்ளவர்களுக்கு இது பெரிய விஷயமில்லை. புரை விழுந்த கண்ணுக்கு எழுத்து பெரிதாவதுதான் முதல் தேவை.

அப்புறம் ஒரு காரியம் செய்தேன், டிவி வாங்கும் எல்லோரும் இதைச் செய்யவேண்டும் என்று சொல்வேன். செய்தித்தாள் ஒட்டிய இடத்தில் முகம் பார்க்கும் கண்ணாடியை மருமகனைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, காலை பத்து மணி வெளிச்சத்தில் கட்டிலில் உட்கார்ந்து பார்த்தேன். கண்ணாடியில் என்ன தெரிகிறதோ அதுதான் நாளைக்கு டிவித் திரையிலும் தெரியும். அம்மா இடத்திலிருந்து பார்க்கும்போது, முடுக்கைப் பார்த்த தெற்கு ஜன்னல் முழுசாகக் கண்ணாடிக்குள் வந்து உட்கார்ந்திருந்தது. சாதாரணக் கண்ணுக்கு அது ஒரு வெள்ளைக் கட்டம், பழகிவிடும். புரைக் கண்ணுக்கு அப்படி இல்லை, மங்கிய லென்ஸ் உள்ளே வரும் வெளிச்சத்தைச் சிதறடிப்பதால் அந்த ஒரு கட்டம் படம் முழுக்கப் பால் தெளித்த மாதிரி ஆகிவிடும். எதிரே வெளிச்சம் போட்டு வரும் பஸ்ஸைப் பார்த்து அம்மா ரோட்டில் அப்படியே நின்றுவிடுவாளே, அதே காரணம்தான். அன்றைக்கே அந்த ஜன்னலுக்குத் தடித்த திரைத்துணி வாங்கிப் போட்டோம். டிவியும் கண்ணாடி மாதிரிப் பளபளக்காமல், வெளிச்சத்தை மட்டுப்படுத்தும் திரையாகப் பார்க்கவேண்டும் என்று குறித்துக்கொண்டேன்.

இந்த வீட்டில் டிவிக்கு ஒரு பழைய கதை உண்டு, அதைச் சொல்லாமல் போக மனசில்லை. தூர்தர்ஷனின் கொடைக்கானல் டவர் வருவதற்கு முன்னால் தெற்குச் சீமையில் டிவி என்றால் ரூபவாகினிதான். 1982இல் தொடங்கிய இலங்கைச் சேனல். தட்டட்டியில், அதாவது மொட்டைமாடியில், நெட்டுக்குக் கம்பி நட்டு ஆன்டெனாவைக் கடல் திசை பார்த்துத் திருப்புவார்கள், மேலே ஒருவர் திருப்ப, கீழே ஒருவர் "வந்துட்டு, வந்துட்டு, போயிட்டு" என்று கத்த. சிங்களம் ஒரு வார்த்தை புரியாமல் அம்மா மணிக்கணக்கில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள், புள்ளி புள்ளியாக மழை பெய்யும் கறுப்பு வெள்ளைப் படத்தை. 2006இல் வந்த ஆட்சி கொடுத்த 14 இன்ச் இலவசக் கலர் டிவியும் எங்கள் வீட்டுக்கு வந்தது, அடுக்களையில் ரொம்ப நாள் ஓடியது. அந்தச் சின்னத் திரையில் அவள் பார்க்காத சீரியல் இல்லை. திரை எப்படி இருந்தாலும் பார்ப்பதற்கு அவள் தன்னைப் பழக்கிக்கொண்டாள். இந்தத் தடவையாவது திரை அவளுக்குப் பழகட்டும் என்று எனக்கு இருந்தது.

சரி, கடை. வண்ணார்பேட்டையிலும் பாளையங்கோட்டையிலுமாக நாலைந்து பெரிய கடைகள் ஏறினேன். எல்லாக் கடையிலும் ஒரே காட்சிதான். வரிசையாகச் சுவர் முழுக்க டிவி, எல்லாவற்றிலும் கம்பெனிக்காரர்களே படம் பிடித்துக் கொடுத்த 4கே வீடியோ. தேன் சொட்டும், கிளி பறக்கும், மலைமேல் பனி உருகும். படத்தின் வெளிச்சத்தையும் நிறத்தையும் உச்சத்துக்கு ஏற்றும் 'விவிட்' அல்லது 'டைனமிக்' செட்டிங்கில் வைத்திருப்பார்கள், மேலே அத்தனை டியூப்லைட் வெளிச்சத்தில் அது எடுப்பாகத் தெரிய வேண்டுமே. அந்தக் கிளியை வைத்து டிவி தேர்ந்தெடுத்தால் வீட்டுக்கு வந்து ஏமாந்துதான் போவோம். அம்மா கிளி பார்க்கப் போவதில்லை. அவள் பார்ப்பது கேபிள், அதிலும் சாதாரண சேனல்கள், உள்ளூர்ச் சேனலில் வரும் ஆனித் தேரோட்டம், கோயில் கொடியேற்றம், மத்தியானச் செய்தி.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது, கொஞ்சம் நின்று பார்க்கலாம். சாதாரண சேனலின் படம் அகலத்தில் 720, உயரத்தில் 576 புள்ளிகள். பெருக்கினால் நாலு லட்சத்துச் சொச்சம். 4கே திரையில் 3840க்கு 2160, கிட்டத்தட்ட 83 லட்சம். சரியாக 20 மடங்கு. அதாவது சேனலிலிருந்து வரும் ஒவ்வொரு புள்ளிக்கும் டிவி தானாகப் பத்தொன்பது புள்ளியை ஊகித்து இட்டு நிரப்புகிறது. அந்த ஊகத்தை நன்றாகச் செய்யும் டிவியும் உண்டு, முகத்தை மெழுகுப் பொம்மை மாதிரி வழித்துவிடும் டிவியும் உண்டு. விலைச் சீட்டில் இரண்டுக்கும் '4கே' என்றுதான் போட்டிருக்கும். கேபிள் பார்க்கிற வீட்டுக்கு டிவி வாங்குகிறவர்கள் கேட்கவேண்டிய முதல் கேள்வி இதுதான் என்று நான் நினைக்கிறேன்: "அண்ணாச்சி, இதுல கேபிள் போட்டுக் காட்டுங்க."

இரண்டு கடையில் முடியாது என்றார்கள், அந்தக் கடைகளை விட்டு வந்துவிட்டேன். ஒரு கடையில் இருந்த தம்பி நல்ல பிள்ளை, மாடியிலிருந்து செட்டாப் பாக்ஸைக் கழற்றிக்கொண்டுவந்து மாட்டினான். மறுநாள் அந்தக் கடைக்கு அம்மாவையே ஆட்டோவில் கூட்டிப்போனேன்.

போகும்போது அம்மாவிடம் சொல்லாமல் ஒரு பென்டிரைவ் எடுத்துப்போனேன். அதில் அக்கா கல்யாண வீடியோ. 2004இல் எடுத்தது. டிவிடியில் இருந்ததை மருமகன் மாற்றிக் கொடுத்தான். அந்தத் தம்பியிடம் ஒரு நாற்காலி வாங்கிப் பத்தடி தள்ளி, டிவிக்கு நேராக வைக்காமல், வீட்டில் கட்டில் கிடக்கிற அதே சாய்வில் போட்டு அம்மாவை உட்கார வைத்தேன். "ஆச்சி, இங்கன நடுவுல வாங்க, நல்லாத் தெரியும்" என்று அவன் கூப்பிட்டான். வேண்டாம்ப்பா, அவங்க வீட்டுல இங்கதான் உக்காருவாங்க என்றேன். புரிந்துகொண்டான். இரண்டு டிவியில் ஒரே நேரத்தில் கல்யாணம் ஓடியது.

அம்மா கொஞ்ச நேரம் படத்தையே பார்க்கவில்லை, அதில் இருந்த ஆட்களைத்தான் பார்த்தாள். இப்போது இல்லாதவர்கள் ஏழெட்டுப் பேர் அந்த வீடியோவில் நடமாடுகிறார்கள். நான் அவசரப்படுத்தவில்லை. தாலி கட்டு வந்தபோது மறுபடி உள்ளங்கையை எடுத்து இடது கண்ணை மூடினாள். அக்காவின் முகூர்த்தப் பட்டு அரக்கு நிறம், மாம்பழ மஞ்சள் கரை. அது இன்னும் எங்கள் பீரோவில்தான் இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு தடவை அம்மாவே எடுத்து நிழலில் ஆற்றி மடிப்பு மாற்றி வைப்பாள். அந்த நிறத்தை அவளைவிட யாருக்குத் தெரியும்?

"இதுல அரக்கு அரக்கா இருக்கு. அங்கன இருக்கதுல ரத்தம் மாதிரில்லா இருக்கு" என்றாள்.

கடைக்காரத் தம்பி விலை கூடுதலான டிவியைத்தான் நல்லது என்று சொல்லிக்கொண்டிருந்தான், அதில்தான் ரத்தச் சிவப்பு. அதன் செட்டிங்கை 'சினிமா'வுக்கு மாற்றச் சொன்னேன். நிறம் சரியாயிற்று, ஆனால் அம்மா இருந்த கோணத்தில் படம் வெளுத்துப்போயிருந்தது. நடுவில் நின்று பார்த்தால் கறுப்பு கன்னங்கரேல் என்று இருக்கிறது, நாற்காலிக்கு வந்தால் தலைமுடியெல்லாம் சாம்பல். இதற்குக் காரணம் பேனல். எல்இடி டிவி என்று விற்பவை எல்லாம் அடிப்படையில் எல்சிடிதான், பின்னால் விளக்கு, முன்னால் அதை விடுவதும் மறைப்பதுமான திரவப் படிகம். அதில் விஏ என்று ஒரு வகை, ஐபிஎஸ் என்று ஒரு வகை. விஏ பேனலில் கறுப்பு ஆழமாக இருக்கும், வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வித்தியாசம் ஐபிஎஸ்ஸைவிட மூன்று நாலு மடங்கு கூட வரும், ஆனால் பக்கவாட்டில் போனால் நிறம் வெளுக்கும். ஐபிஎஸ்ஸில் கறுப்பு கொஞ்சம் சாம்பல்தான், ஆனால் ஓரத்திலிருந்து பார்த்தாலும் படம் அப்படியே இருக்கும். 'கியூலெட்' என்று போட்டிருந்தாலும் இதே கதைதான், அது நிறத்தைக் கூட்ட நடுவில் வைக்கும் ஒரு படலம், பேனல் அதே எல்சிடி. எந்தப் பேனல் என்று பெட்டியில் பெரும்பாலும் போடமாட்டார்கள், ஒரே மாடலிலேயே மாறி மாறி வருவதும் உண்டு. அதனால் கேட்டுத் தெரிந்துகொள்வதைவிட ஓரமாகப் போய் நின்று கண்ணால் பார்ப்பதுதான் சரி.

இருட்டறையில் விளக்கை அணைத்துவிட்டு நேராக உட்கார்ந்து சினிமா பார்க்கிற வீடாக இருந்தால் நான் விஏதான் வாங்கியிருப்பேன். எங்கள் பட்டாசலில் ராத்திரி முழுக்க மாடக்குழி விளக்கு எரியும். அம்மா இருப்பது ஓரத்தில். ஐபிஎஸ்தான் என்று முடிவாயிற்று.

அத்தானுக்கு ஓலெட் ஆசை. நியாயமான ஆசைதான், அதை மறுக்க முடியாது. ஒவ்வொரு புள்ளியும் தானே எரிந்து தானே அணைவதால் கறுப்பு என்றால் முழுக் கறுப்பு, எந்தக் கோணத்திலிருந்து பார்த்தாலும் நிறம் மாறாது, அம்மாவின் 37 டிகிரிக்கு அதைவிடப் பொருத்தமான திரை கிடையாது. நான் ஒரு வாரம் அதையே யோசித்தேன். ஆனால் எங்கள் வீட்டில் டிவி காலை ஆறு மணிக்குச் சுப்ரபாதத்தோடு ஆரம்பித்து ராத்திரி பத்து வரை ஓடுகிறது, பாதி நேரம் செய்தி. செய்திச் சேனலின் முத்திரையும் கீழே ஓடும் பட்டையும் ஒரே இடத்தில் நாள் முழுக்க எரிந்துகொண்டே இருந்தால், அந்த இடத்துப் புள்ளிகள் மற்றவற்றைவிடச் சீக்கிரம் தேய்ந்து நிழல் மாதிரி நிரந்தரமாகப் படிந்துவிடும். அதைத் தடுக்க இப்போதைய டிவிகளில் ஏற்பாடுகள் உண்டு, இருந்தாலும் எங்கள் வீட்டு ஓட்டத்துக்கு அந்தத் துணிச்சல் எனக்கு வரவில்லை. விலையும் எங்களால் ஆகாது. அத்தானுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

120 ஹெர்ட்ஸைப் பற்றி மருமகனிடம் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டேன், நீ சம்பாதித்து வாங்கு என்று.

பழைய வீடியோ பார்த்ததில் இன்னொன்றும் தெரிந்தது. 2004 கல்யாண வீடியோ 4:3 சட்டம், இப்போதைய திரை 16:9. டிவி அதை இழுத்துத் திரை முழுக்க நிரப்பியதும் அக்கா முகம் பூசணிக்காய் மாதிரி அகண்டுவிட்டது. பாதி வீடுகளில் பழைய படங்களை இப்படித்தான் பார்க்கிறார்கள், ரிமோட்டில் ஒரு பொத்தானில் சரியாகும் விஷயம். படச் சட்டத்தை அசலுக்கு மாற்றினால் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழும், 55 இன்ச் திரை கிட்டத்தட்ட 45 இன்ச் அளவுக்குத்தான் படம் காட்டும். பரவாயில்லை. மனிதர்கள் மனிதர்களாகத் தெரியவேண்டும். நான் சுருக்கமாக டிவி வாங்கும் யாருக்கும் சொல்வது, வீட்டில் வந்ததும் ஷார்ப்னஸைக் குறையுங்கள், சினிமா செட்டிங்குக்கு மாற்றுங்கள், படத்தை இழுக்காதீர்கள். முதல் இரண்டு நாள் மங்கலாகத் தெரியும், அப்புறம் பழைய செட்டிங்கைப் பார்க்கவே முடியாது. ஆபரேஷன் செய்த கண்ணுக்கு இது இன்னும் முக்கியம், 'விவிட்'டில் வெள்ளை எல்லாமே நீலம் பாய்ந்து வரும், அம்மாவுக்கு அந்தக் கண் கூசியது.

சத்தம். இதை யாரும் கடையில் கவனிப்பதில்லை. பழைய பெட்டி டிவியில் ஸ்பீக்கர் முன்பக்கம் பார்த்து இருக்கும், பேசுவது நேராகக் காதுக்கு வரும். இப்போது விரல் கனத்தில் டிவி செய்கிறார்கள், ஸ்பீக்கர் கீழே பார்த்தோ பின்னால் பார்த்தோ இருக்கிறது. பட்டாசலில் ஃபேன் சத்தத்தோடு கேட்டால் பாட்டு கேட்கும், பேச்சு கேட்காது. பேச்சைத் தூக்கிக் கொடுக்கும் ஒரு செட்டிங் இதில் இருக்கிறது, அதைப் போட்டபின் தேவலை. சவுண்ட்பார் பொங்கலுக்கு வாங்கலாம் என்றிருக்கிறேன்.

ரிமோட்தான் அம்மாவுக்குப் பெரிய பயமாக இருந்தது. ஆன் செய்தால் முதலில் ஏதேதோ படங்களும் ஆப்களும் வரிசையாக வந்து நிற்கும், அதில் சிக்கினால் அவளால் வெளியே வர முடியாது. செட்டிங்கில் தேடிப் பார்த்து, ஆன் செய்ததும் நேராகக் கேபிள் வருகிற மாதிரி மாற்றினேன். செட்டாப் பாக்ஸ் ரிமோட்டிலேயே டிவியை ஆன் ஆஃப் செய்யவும் சத்தம் கூட்டவும் கற்றுக்கொடுக்கும் பொத்தான்கள் உண்டு, கேபிள்காரர் வந்து அதையும் செய்து கொடுத்தார். புது ரிமோட்டை ஒரு கவரில் போட்டுப் பீரோவில் வைத்துவிட்டோம். அம்மாவின் கையில் அதே பழைய ரிமோட்தான், எந்த எண்ணில் எந்தச் சேனல் என்று அவளுக்கு மனப்பாடம்.

வாங்கியது தீபாவளிக்கு முந்தின வாரம். 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிக்கு 28 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டியை 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆகக் குறைத்திருந்தார்கள், வரிக்கு முந்தைய விலை 40 ஆயிரம் என்றால் அதிலேயே 4 ஆயிரம் மிச்சம். அதற்காகத்தான் ஒரு மாதம் பொறுத்திருந்தேன்.

மாட்டுவதில் வந்தது உண்மையான சண்டை. அம்மா கட்டிலில் உட்கார்ந்தால் அவள் கண் தரையிலிருந்து 110 சென்டிமீட்டர். திரையின் நடு அந்த உயரத்தில் இருக்கவேண்டும் என்றால் டிவியின் அடிப்பக்கம் இரண்டரை அடியில் வரும். வெள்ளக் கோடு நாலடியில் இருக்கிறது. கோட்டுக்கு மேலே மாட்டுங்கள் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் அதைத்தான் நினைத்தேன். ஒரு டிவியை வண்டலிலிருந்து தோண்டி எடுத்தவனுக்கு வேறென்ன தோன்றும்? செய்தித்தாளை மேலே ஏற்றி ஒட்டி, அம்மாவை அரைமணி நேரம் அதையே பார்த்தபடி பேசிக்கொண்டிருக்கச் சொன்னேன். பத்து நிமிஷத்தில் அவள் கை தானாகப் பிடரிக்குப் போனது. கேட்டதற்கு "ஒண்ணுமில்லய்யா, நல்லாத்தான் இருக்கு" என்கிறாள்.

கீழேயே மாட்டச் சொன்னேன்.

மாட்ட வந்தவர் டிரில் வைத்ததும் காரை மாவாகக் கொட்டியது, ஆணி பிடிக்கவில்லை. ஆசாரியைக் கூப்பிட்டுத் தேக்குப் பலகை ஒன்றை நீள போல்ட் போட்டுச் சுவரோடு இறுக்கி, பலகையில் பிராக்கெட்டை வைத்தோம். பிளக் பாயிண்ட், செட்டாப் பாக்ஸ், வயர் எல்லாம் வெள்ளக் கோட்டுக்கு மேலே. டிவி மட்டும் கீழே. பிராக்கெட்டும் திருகு இல்லாத வகை, கீழே தொங்கும் இரண்டு கயிறை இழுத்தால் கொக்கி விடும், இரண்டு பேர் அப்படியே தூக்கிவிடலாம். டிவி எடை 14 கிலோதான். நானும் மருமகனும் மூன்று தடவை கழற்றி மச்சுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தோம். வயர் பிடுங்குவதையும் சேர்த்து இரண்டு நிமிஷம். மச்சில் அதற்கென்று ஒரு கட்டிலும் போர்வையும் போட்டு வைத்திருக்கிறோம். இடி இடித்தால் பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது, கேபிள் வயரையும் சேர்த்துக் கழற்றவேண்டும், மின்னல் அந்த வழியாகவும் வரும். அதை அம்மாவே செய்கிறாள், செட்டாப் பாக்ஸ் அவள் கைக்கு எட்டும் உயரத்தில்தான் இருக்கிறது.

ஐப்பசி மழை பிடித்த இரண்டாம் நாள் சாயங்காலம் நான் வேலை முடிந்து வந்தேன். அம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. உள்ளூர்ச் சேனலில் கீழே அணை நீர்மட்டம் ஓடிக்கொண்டிருந்தது. பாபநாசம் மொத்தம் 143 அடி, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118, இதெல்லாம் இந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் இன்றைக்கு எத்தனை அடி என்பதை இத்தனை வருஷமாக நான்தான் அவளுக்கு வாசித்துச் சொல்வேன். செருப்பைக் கழற்றுவதற்குள் மூன்றையும் வரிசையாக அவளே வாசித்தாள்.

"இன்னும் கொள்ளும்ல்லாய்யா?" என்றாள்.

கொள்ளும்மா, இன்னும் இடம் இருக்கு என்றேன்.

"அப்பம் இப்பக் கழத்த வேண்டாம்" என்று சொல்லிவிட்டுச் சீரியலுக்கு மாற்றினாள்.